‘ரன்’ என்றால் ஓடு, சரி, அப்புறம்?

ஆங்கிலம் படிப்பவர்களைத் திணறடிப்பது நீளநீளமான சொற்கள்தான் என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ‘போட்டோசிந்தசிஸ்’ என்ற சொல்லுக்கு ஒரே பொருள், ஒருமுறை பிடிபட்டால் வேலை முடிந்தது. தொல்லை தருவதெல்லாம் மூன்றாம் வகுப்பிலேயே படித்து முடித்துவிட்டதாக நாம் நம்பிக்கொண்டிருக்கிற ரன், டேக், கெட், புட், மேக், பிரேக் மாதிரியான குட்டி வினைச்சொற்கள். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதிக்காக ‘ரன்’ என்ற வினையைத் திருத்தி எழுதியபோது அதற்கு 645 பொருள்கள் தேறின. பீட்டர் கில்லிவர் என்ற அகராதியியலாளருக்கு இந்த ஒரு சொல்லோடு மட்டும் ஒன்பது மாதம் போனது. நம் பிள்ளைகளின் நோட்டிலோ ‘ரன் – ஓடு’ என்று ஒரே ஒரு வரி.

இது ஆங்கிலத்துக்கு மட்டும் உள்ள குணம் இல்லை. அதிகம் புழங்கும் சொல்லுக்கு அதிகப் பொருள் சேரும் என்று 1945-லேயே ஹார்வர்டைச் சேர்ந்த ஜார்ஜ் ஜிப்ஃப் எழுதினார். அவர் கணக்குப்படி ஒரு சொல் இன்னொன்றைவிட 100 மடங்கு அதிகம் புழங்கினால் அதன் பொருள்கள் சுமார் 10 மடங்கு இருக்கும். புதிய தேவை வரும்போதெல்லாம் புதுச்சொல் செய்வதைவிட வாயில் ஏற்கெனவே இருக்கிற சொல்லைக் கொஞ்சம் இழுத்துக்கொள்வது எளிது, அவ்வளவுதான் காரணம். தமிழில் ‘அடி’ இருக்கிறதே: வெயில் அடிக்கும், பெயின்ட் அடிப்போம், போன் அடிப்போம், மொட்டை அடிப்போம், லாட்டரி அடிக்கும், நாற்றமும் அடிக்கும். இதற்கெல்லாம் நாம் ஒரு கணம்கூட நின்று யோசிப்பதில்லை.

ஏன் யோசிப்பதில்லை என்பதற்கு உளவியலாளர் டேவிட் ஸ்வின்னி 1979-ல் வெளியிட்ட சோதனை நல்ல விளக்கம் தருகிறது. ஆங்கிலத்தில் ‘பக்’ என்றால் பூச்சி, ஒட்டுக்கேட்கும் கருவியும்கூட. சிலந்தி, கரப்பான் என்று சொல்லிக்கொண்டே போய் ‘பக்ஸ்’ என்ற சொல் வரும் வாக்கியத்தைக் காதில் கேட்க வைத்து, அதே நொடியில் திரையில் ஒரு சொல்லைக் காட்டினார். எறும்பு என்ற சொல்லைச் சட்டென்று அடையாளம் கண்டார்கள், அது எதிர்பார்த்ததுதான். ஆனால் உளவாளி என்ற சொல்லையும் அதே வேகத்தில் கண்டுகொண்டார்கள்! மூன்று அசைகள் தாண்டிக் காட்டியபோதோ எறும்புக்கு மட்டும்தான் அந்த வேகம் இருந்தது. அதாவது மூளை முதலில் தெரிந்த பொருள்கள் எல்லாவற்றையும் திறந்துவிடுகிறது, பிறகு கண்ணிமைக்கும் நேரத்துக்குள் இடத்துக்குப் பொருந்தாததை மூடிவிடுகிறது.

இப்போது ‘ரன் – ஓடு’ என்று மட்டும் படித்த மாணவரை நினைத்துப் பாருங்கள். ‘அந்த அம்மா ஒரு ஓட்டலை ரன் பண்ணுகிறார்’ என்ற ஆங்கில வாக்கியத்தில் அவருக்குத் திறப்பது ‘ஓடு’ ஒன்றுதான், அது பொருந்தவில்லை, பக்கத்தில் எடுத்துக்கொள்ள வேறெதுவும் இல்லை. இதில் இன்னொரு கொடுமை, சொல் பழகியதாக இருப்பதால் பலர் அகராதியைப் புரட்டுவதுகூட இல்லை. தெரியாத சொல் என்றால் கை தானாக அகராதிக்குப் போகும். தெரிந்த சொல்லின் தெரியாத பொருள் அப்படி எந்த எச்சரிக்கையும் கொடுப்பதில்லை.

அப்படியானால் எல்லாப் பொருள்களையும் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்ய வைக்கலாமா என்றால், கூடாது. ஜெனிஃபர் ராட், கேரத் கேஸ்கல், வில்லியம் மார்ஸ்லன்-வில்சன் மூவரும் 2002-ல் காட்டிய ஒரு வேறுபாடு இங்கே முக்கியம். நாயின் குரைப்பையும் மரப்பட்டையையும் குறிக்கும் ‘பார்க்’ போல, ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத பொருள்கள் ஒரு சொல்லில் இருந்தால் அந்தச் சொல்லை அடையாளம் காண்பது தாமதமாகிறது. முறுக்குவது என்ற ஒரே கருத்திலிருந்து கிளைத்த பல பொருள்கள் கொண்ட ‘ட்விஸ்ட்’ போன்ற சொற்களிலோ வேகம் கூடுகிறது. உறவு தெரிந்தால் அதிகப் பொருள் சுமையாவதில்லை, கைகொடுக்கிறது. பட்டியலில் அந்த உறவுதான் அறுந்துபோகிறது.

இந்த உறவை மாணவர்கள் நம்ப மறுக்கிறார்கள் என்பதுதான் எனக்கு மிகவும் சுவாரசியமான கண்டுபிடிப்பு. எரிக் கெல்லர்மன் நெதர்லாந்தில் ஆங்கிலம் படித்துக்கொண்டிருந்தவர்களை வைத்து 1978-ல் அதை வெளியிட்டார். டச்சு மொழியில் ‘பிரேக்கன்’ என்ற வினை, ஆங்கிலத்தின் ‘பிரேக்’குக்கு ஒன்றுவிட்ட சகோதரன். டச்சில் இயல்பாகச் சொல்லக்கூடிய 17 ‘பிரேக்கன்’ வாக்கியங்களைக் கொடுத்து, இவற்றில் எதையெல்லாம் ஆங்கிலத்தில் ‘பிரேக்’ போட்டுச் சொல்லலாம் என்று கேட்டார். காலை உடைத்துக்கொண்டான், அவள் இதயத்தை உடைத்தாள் என்பவற்றுக்குப் பெரும்பாலோர் தலையாட்டினார்கள். மரத்தில் தட்டி விழுந்த வேகம் ‘உடைந்தது’, வேலைநிறுத்தத்தை ‘உடைத்தார்கள்’, பையனுக்குக் குரல் ‘உடைந்தது’ என்று வந்ததும் பலர் பின்வாங்கினார்கள். இத்தனைக்கும் அவை ஆங்கிலத்திலும் சரிதான்! உடைவது என்ற நடுப்பொருளிலிருந்து, அதாவது மற்றப் பொருள்கள் கிளைக்கிற அடிப்படைப் பொருளிலிருந்து, விலக விலக, இது நம் மொழிக்கே உரிய வழக்கு, அடுத்த மொழிக்குப் போகாது என்று மனம் முடிவு கட்டிவிடுகிறது. அவ்வளவு நெருங்கிய இரண்டு மொழிகளுக்கு நடுவிலேயே இப்படி.

நம்மிடமும் இது உண்டு. தமிழில் படம் ஓடுகிறது, எஞ்சின் ஓடுகிறது, பஸ் ஓடுகிறது. ஆங்கிலத்திலும் மூன்றும் ‘ரன்’ ஆகும். ஆனாலும் படம் நூறு நாள் ‘ரன்’ ஆனது என்று ஆங்கிலத்தில் எழுத நம் மாணவர் தயங்குவார், அது தமிழ்நாட்டுப் பேச்சு என்று நினைத்து. அதே மாணவர் அவசரத்தில் பேசும்போது ‘ஃபேனைப் போடு’ என்பதை அப்படியே தூக்கி ‘புட் தி ஃபேன்’ என்பார். கெல்லர்மன் கேட்டது நிதானமாகத் தீர்ப்புச் சொல்லும் கேள்வி; பேச்சில் அந்த நிதானம் இருப்பதில்லை. இரண்டு பக்கத்தையும் ஆசிரியர் பார்க்க வேண்டும்: எங்கே தைரியமாகத் தமிழை நம்பலாம், எங்கே கூடாது. ஓட்டலை நாம் ஓட்டுவதில்லை, நடத்துகிறோம். தேர்தலில் அமெரிக்கர்கள் ஓடுகிறார்கள், பிரிட்டிஷ்காரர்கள் நம்மைப் போலவே நிற்கிறார்கள். இப்படி அருகருகே வைத்துக் காட்டினால் வகுப்பு விழித்துக்கொள்ளும்.

நடுப்பொருளிலிருந்து தொடங்குவதற்குச் சான்றும் இருக்கிறது. மார்யோலைன் வெர்ஸ்போர், வாண்டர் லோவி இருவரும் 2003-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு சொல்லின் நடுப்பொருளைத் துப்பாகப் பெற்ற மாணவர்கள் அதன் தூரத்துப் பொருளை நன்றாக ஊகித்தார்கள், பிறகும் நினைவில் வைத்திருந்தார்கள். ஓரப்பொருளைத் துப்பாகப் பெற்றவர்கள் பின்தங்கினார்கள். ஹங்கேரியில் சில்வியா சாபி ‘ஹோல்ட்’, ‘கீப்’ இரண்டையும் வைத்துச் சோதித்தார், 2004-ல் வெளியானது. ஒரு குழுவுக்கு ஹங்கேரிய மொழிபெயர்ப்பு மட்டும். இன்னொரு குழுவுக்கு ஹோல்ட் என்றால் கையால் பிடித்திருப்பது என்று எளிய கோட்டுப்படத்தோடு விளக்கி, மற்றப் பொருள்கள் அங்கிருந்து எப்படி வருகின்றன என்று காட்டினார்கள். இரண்டாவது குழு மொத்தத்தில் நன்றாகச் செய்தது.

ஆனால் நடுப்பொருள் எல்லாக் கதவையும் திறந்துவிடும் என்று சொல்லிவிட முடியாது. முடிவு ‘மேக்’ ஆவதற்கும் போட்டோ ‘டேக்’ ஆவதற்கும் படம் போட்டு என்ன விளக்குவது? இங்கே வினை கிட்டத்தட்டக் காலி, பொருள் முழுக்க அடுத்து வரும் பெயர்ச்சொல்லில் இருக்கிறது. நாம் போன் ‘பண்ணுகிற’ மாதிரி. ஜான் சின்க்ளேர் பர்மிங்ஹாமில் லட்சக்கணக்கான வாக்கியங்களைக் கணினியில் போட்டுப் பார்த்து, 1987-ல் கோபில்ட் அகராதியைக் கொண்டுவந்தபோது வெளிச்சத்துக்கு வந்த விஷயங்களில் இது ஒன்று: அதிகம் புழங்கும் வினைகளின் பயன்பாட்டில் கணிசமான பங்கு இப்படிக் காலியாக நிற்பதுதான். நன்றாக ஆங்கிலம் தெரிந்தவர்களும் இதில் சறுக்குகிறார்கள். பிரெஞ்சு, ஸ்வீடிஷ் மாணவர்களின் கட்டுரைகளில் ‘மேக்’ இப்படி வருவது ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட மாணவர்களைவிடக் குறைவு என்று ஆல்டன்பெர்க், கிரேஞ்சர் இருவரும் 2001-ல் காட்டினார்கள். இந்த இடத்தில் விளக்கம் தேடாமல் ஜோடியாகவே மனதில் ஏற்றுவதுதான் ஒரே வழி.

சொற்களைக் குறைத்தால் பாரம் குறையும் என்று நினைத்தவர்களும் உண்டு. சி. கே. ஆக்டன் 1930-ல் 850 சொற்களில் ஒரு எளிய ஆங்கிலம் அமைத்தார், அதில் வினைகள் வெறும் 18. கேட்க ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் மற்ற வினைகளின் வேலை முழுவதும் கெட், புட், டேக், கிவ் ஆகியவற்றின் தலையில் விழுந்து, அப், அவுட், ஆஃப் என்று சேர்த்துச் சேர்த்துச் சமாளிக்க வேண்டியதாயிற்று. கற்பவருக்கு மிகக் கடினமான பகுதி அப்படியே இருந்தது, எளிதான பகுதிதான் நீங்கியது.

சரி, வகுப்பில் எத்தனை பொருளோடு தொடங்கலாம்? இப்படி அப், அவுட் சேரும் கூட்டுவினைகளில் அதிகம் புழங்கும் 150-ஐ கார்னியரும் ஷ்மிட்டும் 2015-ல் பட்டியலிட்டார்கள். உண்மையில் அடிக்கடி வரும் பொருள்கள் என்று பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் சராசரியாக இரண்டுதான். அகராதியில் நீளமாகத் தெரிகிற வால், புழக்கத்தில் அவ்வளவு இல்லை. எனவே நடுப்பொருளும் அடிக்கடி வரும் ஒன்றிரண்டும் முதலில், ஒவ்வொன்றும் முழு வாக்கியமாக நோட்டில், சில வாரம் கழித்து அதே வினை வேறு வாக்கியத்தில். அதற்குமேல் வருகிற பொருள்களை வாசிப்பில் சந்திக்கும்போது, ‘இது அந்த நடுப்பொருளிலிருந்து எப்படி வந்திருக்கும்?’ என்று மாணவரையே கேட்க வைக்கலாம்.