‘தலைமறைவு இசை’ தகாது. ‘அடியோட்ட இசை’ தகும்

இசைத்தட்டுகளைப் பற்றிய எழுத்தில் ‘அண்டர்கிரவுண்ட்’ என்னும் சொல் வரும்போதெல்லாம் அதைத் ‘தலைமறைவு இசை’ என்று தமிழாக்குவது இப்போது வழக்கமாகிவிட்டது. பங்க் ராக் அலையை அடுத்து எழுந்த போஸ்ட்-பங்க் குழுவைப் பற்றிய கட்டுரையானாலும், டெக்னோ என்னும் மின்னணு நடன இசைத் தட்டுக்கான மதிப்புரையானாலும், நான்காம் வரிக்குள் அக்குழுவினர் தலைமறைவாகிவிடுகிறார்கள். யாருக்கு அஞ்சி, எதற்காக என்று மட்டும் கட்டுரையாளர் சொல்வதில்லை.

சொல்லின் வரலாறு சிக்கலற்றது. ‘நிலத்துக்குக் கீழே’ என்பதே நேர்ப்பொருள். பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் அடிமைகள் தப்பிச் செல்ல உதவிய இரகசிய வலைப்பின்னலுக்கு ‘அண்டர்கிரவுண்ட் ரெயில்ரோடு’ என்று பெயர். இரண்டாம் உலகப் போரில் நாஜிகள் பிடித்த நாடுகளின் எதிர்ப்பு இயக்கங்களையும் இச்சொல் குறித்தது. 1960களில் பெருநாளேடுகள் தொடாதவற்றை எழுதிய சிறு இதழ்கள் இதைச் சூடிக்கொண்டன. அவற்றின் வழியாகவே இசைக்கும் வந்தது. இந்தக் கடைசித் தாவலில் பொருள் மாறிவிட்டது என்பதைத்தான் நம் மொழிபெயர்ப்பாளர்கள் கவனிப்பதில்லை. ஒளிந்திருத்தல் என்னும் பொருள் உதிர்ந்து, பலர் கண்ணில் படாத இடத்தில் இயங்குதல் என்னும் பொருளே எஞ்சியது.

‘தலைமறைவு’ என்னும் சொல்லுக்கு இரண்டு தரப்பு வேண்டும்: தேடுபவர் ஒருவர், அவரிடம் அகப்படாமல் ஒளிபவர் ஒருவர். தேடுபவர் இல்லாத இடத்தில் தலைமறைவும் இல்லை. இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு தட்டுகளைப் பார்க்கலாம். மான்செஸ்டரின் பஸ்காக்ஸ் குழு 1977 ஜனவரியில் ‘ஸ்பைரல் ஸ்கிராட்ச்’ தட்டைத் தன் சொந்த வெளியீடாகக் கொண்டுவந்தபோது, ஒவ்வொரு பாடலும் எத்தனையாவது முயற்சியில் பதிவானது, அதன்மேல் பின்னர் எது சேர்த்துப் பதியப்பட்டது என்பதையும் உறையிலேயே அச்சிட்டது. 1978இல் ஸ்கிரிட்டி பொலிட்டி குழு தன் முதல் தட்டின் உறையில், அதைத் தயாரிக்க எதற்கு எவ்வளவு செலவானது என்ற கணக்கையே வெளியிட்டது. டெஸ்பரேட் பைசிக்கிள்ஸ் குழுவினரோ, இது எளிது, மலிவு, நீங்களும் செய்யுங்கள் என்று கேட்போரை அழைத்தார்கள். இப்படித் தொழில் இரகசியத்தை ஊரறியத் திறந்துவைத்தவர்களைத் தலைமறைவானவர்கள் என்பது அவர்கள் செய்ததற்கு நேரெதிரான பொருளைத் தருகிறது.

மின்னணு இசையில் மறைவு உண்டே என்று கேட்பார்கள். உண்டுதான். ஜெஃப் மில்ஸும் மைக் பேங்க்ஸும் 1989 வாக்கில் டெட்ராய்டில் தொடங்கிய அண்டர்கிரவுண்ட் ரெசிஸ்டன்ஸ் குழுவினர் முகத்தை மூடிக்கொண்டு மேடையேறினார்கள். ஆனால் அங்கே மறைந்தது முகம். முகத்தை விற்காமல் இசையை மட்டும் விற்க வேண்டும் என்பதற்காகவே மறைந்தது. இங்கிலாந்தில் 1994ஆம் ஆண்டுச் சட்டம், திறந்தவெளியில் நூறு பேரோ அதற்கு மேற்பட்டோரோ கூடி, திரும்பத் திரும்ப வரும் தாளத்தை ஒலிக்கும் இரவு நடனக் கூட்டங்களைக் கலைக்கக் காவல்துறைக்கு அதிகாரம் தந்தது. அங்கே மறைக்க வேண்டியிருந்தது கூடும் இடத்தை. அந்தக் கூட்டங்களில் சுழன்ற தட்டுகள் கடைகளில் பகலிலேயே விற்றன. முகத்தின் மறைவையும் இடத்தின் மறைவையும் இசையின் தலையில் ஏற்றிவைப்பது நியாயமன்று.

‘தலைமறைவு’ பொருந்தும் இடங்களும் இருக்கின்றன. போருக்குப் பிந்தைய சோவியத் நாட்டில், தடைசெய்யப்பட்ட பாடல்களை மருத்துவமனைகள் கழித்துப்போட்ட எக்ஸ்-ரே படச்சுருள்களில் பள்ளம் கீறி விற்றார்கள். அகப்பட்டவர்கள் சிறைக்குப் போனார்கள். செக்கோஸ்லோவாக்கியாவில் பிளாஸ்டிக் பீப்பிள் ஆஃப் தி யுனிவர்ஸ் குழு தொழில்முறை உரிமத்தை இழந்த பின்னும் வாசித்தது. 1976இல் அக்குழுவினரும் அவர்களைச் சார்ந்தோரும் கைதானார்கள். அவர்கள்மீது நடந்த வழக்கே ‘சார்ட்டர் 77’ என்னும் மனித உரிமை அறிக்கை உருவாகத் தூண்டுகோல். தேடுபவரும் ஒளிபவரும் உள்ள இவ்விடங்களில் ‘தலைமறைவு இசை’ என்றே எழுதலாம், எழுதவும் வேண்டும். அதை லீட்ஸ் நகரத்துக் கல்லூரி மாணவர்களின் கிதார் குழுவுக்கும் வாரி வழங்கினால், உண்மையில் சிறைசென்றவர்களுக்குக் கொடுக்க நம்மிடம் சொல் மிஞ்சாது.

மற்ற போட்டிச் சொற்களை விரைவாகவே ஒதுக்கிவிடலாம். ‘நிலத்தடி’ தமிழில் நீரோடு ஒட்டிப்போன சொல்; ‘நிலத்தடி இசை’ என்றால் கிணறு தோண்டுவோர் பாடுவது போலிருக்கிறது. ‘பாதாளம்’ ஏற்கெனவே கடத்தல்காரர்களின் உலகுக்குக் குடிபோய்விட்டது. ‘மாற்று இசை’ என்பதை ‘ஆல்டர்னேடிவ்’ என்னும் வகைக்கு வைத்திருக்கிறோம்.

‘சுயாதீன இசை’ மட்டும் சற்று நின்று பேச வேண்டியது, ஏனெனில் இரசிகர்களின் சண்டையில் பாதி இதனால்தான் வருகிறது. சுயாதீனம் என்பது உடைமையைப் பற்றிய சொல்: தட்டை வெளியிடுவது யார், பணம் யாருடையது என்பதைச் சொல்கிறது. எத்தனை பேர் கேட்டார்கள், இசை எந்த வழியில் பரவியது என்பதை அது சொல்லாது. டெபேஷ் மோட் குழு, டேனியல் மில்லர் 1978இல் தனியாளாகத் தொடங்கிய மியூட் என்னும் சிறு நிறுவனத்திலிருந்து தட்டுகளை வெளியிட்டது. அதே குழு 1988 ஜூனில் கலிபோர்னியாவின் ரோஸ் பௌல் அரங்கில் 60,000க்கும் மேற்பட்டோர் முன் பாடியது. சுயாதீனம் ஐயமின்றி உண்டு, அண்டர்கிரவுண்ட் துளியும் இல்லை. வயர் குழுவின் முதல் மூன்று தட்டுகளோ இ.எம்.ஐ. என்னும் பெருநிறுவனத்தின் ஹார்வெஸ்ட் பிரிவில் வந்தவை. அங்கே சுயாதீனம் இல்லை. ஆனால் அவற்றைக் கேட்டோரின் தொகையும் அவை கைமாறிப் பரவிய விதமும் அண்டர்கிரவுண்ட் என்பதற்கே உரியவை. ஒருவர் உடைமையைப் பேச, மற்றவர் பரவலைப் பேச, இருவரும் ஒரே சொல்லைப் பிடித்திழுத்துக்கொண்டு நள்ளிரவுவரை வாதிடுகிறார்கள்.

இங்கே ‘அடியோட்டம்’ கைகொடுக்கிறது. பெருவழக்கை ‘மைய நீரோட்டம்’ என்று நாம் நெடுங்காலமாக எழுதிவருகிறோம். மேலே ஓடுவது மைய நீரோட்டம் என்றால், அதே ஆற்றில் கண்ணுக்குத் தெரியாமல் கீழே ஓடுவது அடியோட்டம். இரண்டும் ஓர் இணையாக நிற்கின்றன. ஒன்று மற்றதன் பொருளை விளக்குகிறது. குற்றத்தின் வாடையோ அச்சமோ இதில் இல்லை. அடியில் ஓடுவது சில வேளை மேலே வரும் என்பதற்கும் இடமிருக்கிறது. நியூ ஆர்டர் குழு 1983இல் வெளியிட்ட ‘புளூ மண்டே’ பாடல் பன்னிரண்டு அங்குலத் தட்டாகப் பெருவிற்பனை கண்டபோது நடந்தது இதுவே. தலைமறைவானவர் வெளியே வந்தால் ஒன்று பிடிபட்டார் என்போம், அல்லது சரணடைந்தார் என்போம். மேலே வந்த குழுவை விலைபோய்விட்டது என்று இரசிகர்கள் ஏசுவதில் அந்தச் சொல்லின் பங்கும் இருக்கிறது என்பது என் ஐயம்.

ஓர் எதிர்ப்பை மட்டும் நான் மதிக்கிறேன். இலக்கியத் திறனாய்வில் ‘அடியோட்டம்’ என்றால் ஒரு படைப்பின் உள்ளே மறைந்து ஓடும் உணர்வு. ‘இப்பாடலின் அடியோட்டம் துயரம்’ என்கிறோம். குழப்பம் வராதா? ‘பாடலின் அடியோட்டம்’ வேறு, ‘அடியோட்டப் பாடல்’ வேறு. வேற்றுமை உருபும் தொகையும் அந்த வேலையைச் செய்துகொள்ளும்.

எல்லாவற்றையும் தமிழாக்க வேண்டும் என்னும் கட்சியினன் அல்லன் நான். ‘ஹவுஸ்’ என்னும் நடன இசை வகையை ‘வீட்டு இசை’ என்று எழுதுபவர்கள், அப்பெயர் ஷிகாகோவில் ஃபிராங்கி நக்கிள்ஸ் தட்டு சுழற்றிய ‘வேர்ஹவுஸ்’ என்னும் நடன மன்றத்திலிருந்து வந்தது என்று சொல்லப்படுவதை அறிந்தால் கூசுவார்கள். லாரி லெவன் தட்டு சுழற்றிய நியூயார்க்கின் ‘பாரடைஸ் கராஜ்’ மன்றம் தந்ததே ‘கராஜ்’ நடன இசையின் பெயர். இரண்டும் இடவாகுபெயர்கள், ஊர்ப்பெயரை மொழிபெயர்க்காதது போலவே இவற்றையும் தொடக்கூடாது. ‘கராஜ் ராக்’ என்பதோ உண்மையிலேயே வண்டிக் கொட்டிலை நினைந்து வைத்த பெயர். இந்த வேறுபாட்டைக்கூடப் பாராமல் அகராதியைப் பிரித்து முதல் பொருளை எடுத்து ஒட்டுவதை மொழிபெயர்ப்பு என்கிறார்கள். ‘பங்க்’ அப்படியே இருக்கட்டும். ‘போஸ்ட்-பங்க்’ என்பதைப் ‘பின்பங்கு’ என்று எழுதினால் சொத்துப் பிரிவினைதான் நினைவுக்கு வரும்.

அண்டர்கிரவுண்ட் ரெசிஸ்டன்ஸ் போன்ற குழுப்பெயரில் வரும்போது இச்சொல்லை ஒலிபெயர்த்தே எழுதலாம். இசையின் இயல்பைச் சொல்ல வரும் இடங்களிலெல்லாம் அடியோட்டக் குழு, அடியோட்ட வெளியீட்டகம், அடியோட்டத் தட்டு என்று தயக்கமின்றி எழுதலாம்.