படித்திறன் இருக்கச் சரிவு எதற்கு?

இந்த மாதத்தில் இது மூன்றாவது தடவை. வெள்ளவத்தையில் மொழிபெயர்ப்பு வேலை செய்யும் தம்பி ஒருவர் பார்த்துத் தரச்சொல்லி அனுப்பிய பக்கத்தில், "ஈர்ப்புச் சரிவை அளந்து மூழ்கிய கப்பலின் ஆழத்தைக் கணிக்கலாம்" என்று இருந்தது. ஆங்கிலத்தில் கிரேடியன்ட் (gradient) என்பதைத்தான் சரிவு ஆக்கியிருந்தார்.

சரிவு என்றதும் என்ன நினைவு வரும்? மழை விடாமல் பெய்தால் பதுளையில் மண்சரிவு. அப்புறம் ரூபாயின் பெறுமதிச் சரிவு. எல்லாம் விழுவதுதான். ஈர்ப்புச் சரிவு என்று வாசிப்பவர், கடலில் எங்கோ புவியீர்ப்பே குறைந்துவிட்டது என்றல்லவா நினைப்பார்? அளப்பது குறைவை அல்ல. இடம் மாற மாற ஈர்ப்பு என்ன வீதத்தில் மாறுகிறது என்பதை. ஒரு மீற்றர் நகரும்போது ஆர்முடுகல், செக்கன் வர்க்கத்துக்கு ஒரு மீற்றர் என்பதில் 100 கோடியில் ஒரு பங்கு மாறினால் அது ஓர் எட்வெஷ். ஹங்கேரியரான லோராண்ட் எட்வெஷின் பெயரில் வழங்கும் அலகு.

இதற்குச் சொல் இல்லாமலா போயிற்று? சாதாரண தரத்தில் நேர்கோட்டுக்குப் படித்த அதே படித்திறன். ஆங்கிலச் சொல்லின் வேரான இலத்தீன் கிராடுஸுக்கும் படி என்றுதான் பொருள். படிக்கும் திறன் என்று மயங்கலாம், ஒப்புக்கொள்கிறேன். மெய்ப்புப் பார்த்த ஒருவர் என் பக்கத்தில் அப்படியே மாற்றியும் விட்டார். தமிழ்நாட்டார் சாய்வு என்பார்கள். பரவாயில்லை, சாய்வு இரு பக்கமும் சாயும். மறைச் சரிவு என்றால் என்ன, ஏற்றமா?

கடலடியில் கிடக்கும் கப்பலை ஒரு புள்ளித் திணிவாக எடுத்து, நேர் மேலே நின்று அளப்போம். அதன் ஈர்ப்பு தூரத்தின் வர்க்கத்துக்கும், படித்திறன் தூரத்தின் கனத்துக்கும் நேர்மாறு. ஈர்ப்பைப் படித்திறனால் வகுத்து இரண்டால் பெருக்கினால் தூரம் வந்துவிடும். கப்பலின் திணிவு வெட்டுப்பட்டுப் போகும், தெரியவே வேண்டாம். இதையே "சரிவால் வகு" என்று எழுதினால் எந்தப் பிள்ளைக்கு விளங்கும்?

அந்த ‘மூழ்கிய’ வேறு. மூல ஆங்கிலக் கட்டுரை பேசியது நீருக்குள் ஓடும் நீர்மூழ்கியை. 2021இல் கொழும்புக்கு வெளியே மூழ்கிய எக்ஸ்பிரஸ் பேர்ளைப் போன்ற ஒன்றை அல்ல. நீர்மூழ்கியின் நிறை, அது விலக்கும் நீரின் நிறைக்குச் சமம். ஆகவே சுற்றியுள்ள நீரைவிட மிகைத் திணிவு இல்லை. உள்ளே பாரம் பரவிக் கிடக்கும் விதம் மட்டும் மிகச் சிறிய தடயம் விடும். இரண்டால் பெருக்கும் கணக்கு அங்கே சரிவராது.

எல்லாவற்றையும் எழுதி அனுப்பினேன். பதில் வந்தது: "சரி அண்ணை, படித்திறன் எண்டே போடுறன். மூழ்கிய கப்பல் கிடக்கட்டும், ஆக்களுக்கு விளங்கும்."