பேட்ச் என்றால் ஒட்டு

பேட்ச்: ஒரு நிரலின் மூலக்கோப்பில் எந்த வரியை எடுக்க வேண்டும், எதைச் சேர்க்க வேண்டும் என்று மட்டும் சொல்லும் சிறு கோப்பு. அதை மூலத்தில் ஏற்றும் வேலைக்கும் அதே பெயர்தான்.

ஆங்கிலத்தில் இது முதலில் கிழிசலை மூடும் துணித்துண்டு. கணினிக்கு வந்தபோதும் அது உவமையாக வரவில்லை, பொருளாகவே வந்தது. 1944-இல் இயங்கத் தொடங்கிய ஹார்வர்டு மார்க் 1 எந்திரத்துக்கு நிரல் என்பது துளையிட்ட காகித நாடா. தவறான துளையின் மேல் காகிதத் துண்டை ஒட்டி அடைத்தார்கள். பின்னாளில் நாடா போய்விட்டது, சொல் தங்கிவிட்டது. இரண்டு கோப்புகளின் வேறுபாட்டை எடுத்துத் தரும் டிஃப் கருவி 1970-களில் யூனிக்ஸ் இயங்குதளத்தில் வந்தது. அந்த வேறுபாட்டை மூலத்தில் ஏற்றும் பேட்ச் கருவியை நிரலாளர் லாரி வால் (Larry Wall) 1985-இல் வெளியிட்டார்.

தமிழில் இதற்குத் ‘திருத்தம்’ என்று எழுதுகிறவர்கள் உண்டு. அது போதாது. எடிட், கரெக்ஷன், சட்டத் திருத்தம் எல்லாமே திருத்தம்தான். ‘இணைப்பு’ என்றால் லிங்க்கா, மெர்ஜா என்று குழம்பும். சரியான சொல் ஏற்கெனவே தெருவில் இருக்கிறது. எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளை நம்பி இருக்கும் கடைகளில் ‘பஞ்சர் ஒட்டணும்’ என்றுதானே சொல்கிறோம்? கிழிந்த சட்டைக்கும் ஒட்டுதான் போடுகிறோம்.

பொருளிலும் இந்தச் சொல் பொருந்துகிறது. டியூபை உரசி, சொல்யூஷன் தடவி, அது சற்று உலர்ந்ததும் ஓட்டையைவிடப் பெரிய துண்டை வைத்து அழுத்துவார்கள். ஓட்டையளவே வெட்டிய துண்டுக்குப் பிடிக்க இடமிருக்காது. காசிமேட்டில் ஃபைபர் படகின் விரிசலை அடைக்கும்போதும் கண்ணாடியிழைப் பாய் விரிசலைத் தாண்டி நல்ல பரப்பின் மேல் படர வேண்டும். கணினி ஒட்டிலும் அப்படித்தான்: மாறிய வரிகளுக்கு மேலும் கீழும் மும்மூன்று மாறாத வரிகள் கூடவே வரும். அந்தச் சூழல் வரிகளைப் பிடித்துத்தான் பேட்ச் கருவி இடத்தைக் கண்டுபிடிக்கிறது. மூலத்தில் வரி எண் தள்ளிப் போயிருந்தாலும் மேலும் கீழும் தேடிப் பொருத்திவிடும். சூழல் வரிகளே சற்று மாறியிருந்தால் ஓரத்து வரிகளை இரண்டு வரை விட்டுக்கொடுத்துப் பார்க்கும். அதற்கும் ஒட்டாத துண்டை ‘ரெஜ்’ (.rej) என்ற பின்னொட்டோடு தனிக்கோப்பாக ஒதுக்கிவைக்கும். அதைத் திறந்து கையால்தான் சேர்க்க வேண்டும்.

ஒட்டாமல் போவதற்குப் பல நேரம் காரணம் நிரல் அல்ல, வரிகளில் உள்ள இடைவெளி. மின்னஞ்சலிலோ வாட்ஸ்அப்பிலோ வரிகளை நகலெடுத்து அனுப்பினால் டேப் இடைவெளி ஸ்பேஸாக மாறும், நீள வரி உடையும். ஒட்டைக் கோப்பாகவே இணைத்து அனுப்புங்கள். விண்டோஸில் சேமித்த கோப்பின் வரிமுடிவு வேறாக இருப்பதும் ஒரு காரணம். அடுத்தது பாதை: நிரலின் பதிப்புகளைக் காக்கும் கிட் கருவி தரும் ஒட்டில் கோப்புப் பெயருக்கு முன் ‘ஏ/’, ‘பி/’ (a/, b/) என்று இருக்கும். அந்த முதல் படியை நீக்கப் ‘பி1’ (-p1) விருப்பத்தைக் கொடுக்காவிட்டால், எந்தக் கோப்பில் ஒட்டுவது என்று கருவி கேட்டு நிற்கலாம். எதையும் ஏற்றும் முன் ‘டிரை-ரன்’ (--dry-run) விருப்பத்தைப் போட்டுப் பாருங்கள். கோப்பைத் தொடாமலே எத்தனை துண்டு ஒட்டும் என்று சொல்லிவிடும்.

ஒரு சிக்கல் உண்டு. வெட்டு, நகல், ஒட்டு என்ற பட்டியலில் பேஸ்டுக்கு ‘ஒட்டு’ என்ற ஏவல் போய்விட்டது. அதனால் வினையை ‘ஒட்டுப்போடு’ என்றும், கோப்பை ‘ஒட்டுக்கோப்பு’ என்றும் எழுதினால் குழப்பமில்லை. கணினியை நிறுத்தாமலே கருனியில் (இயங்குதளத்தின் மையமான கெர்னலில்) ஏற்றும் லைவ் பேட்ச்சை (லினக்ஸில் 2015-இல், 4.0 பதிப்பில் வந்தது) ‘ஓட்டத்தில் ஒட்டு’ எனலாம். நெட்வொர்க் பேட்ச் கார்டுக்கு (patch cord) மட்டும் இந்தச் சொல் வேண்டாம். அது வெறும் இணைப்புக் கம்பி.

போட்டதைத் திரும்ப எடுப்பது ‘ஒட்டுப் பிரித்தல்’. பெரிய எழுத்து ‘ஆர்’ (-R) விருப்பம் அதற்குத்தான். ஏற்கெனவே போட்ட ஒட்டையே மறந்து மறுபடி போட்டால், பிரிக்கட்டுமா என்று கருவி கேட்கும். அவசரத்தில் ‘ஒய்’ அழுத்தினால் சரியாயிருந்த கோப்பு பழைய பிழைக்கே திரும்பிவிடும்.