பள்ளி மேலாண்மைக் குழு: அந்தக் கையெழுத்துக்கு என்ன பலம்?

கல்விச் சீர் பார்த்திருப்பீர்கள். மேளம் முன்னே போகும். பின்னால் தாம்பாளங்களில் நோட்டு, பென்சில், சிலேட்டு. இரண்டு பேர் சேர்ந்து தூக்கி வரும் பீரோ, தலையில் கவிழ்த்துப் பிடித்த பிளாஸ்டிக் நாற்காலிகள், தண்ணீர் டிரம், மின்விசிறி. தாய்மாமன் சீர் கொண்டுபோவது போலவே ஊரே கூடி அரசுத் தொடக்கப்பள்ளிக்கு எடுத்து வரும். வாசலில் ஆசிரியர்கள் சந்தனமும் கல்கண்டும் வைத்துக்கொண்டு நிற்பார்கள். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

அதே சீர்த்தட்டு தூக்கி வந்த ஒரு அம்மாவிடம், "மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போனீங்களாக்கா?" என்று கேட்டேன். "கையெழுத்துதானே தம்பி, நோட்டு வீட்டுக்கே வந்துடும்" என்றார். அவர் அந்தக் குழுவின் உறுப்பினர். அந்தக் கையெழுத்துக்கு எவ்வளவு பலம் இருக்கிறது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பள்ளி மேலாண்மைக் குழு யாரோ தயவு பண்ணி அமைத்த குழு கிடையாது. 2009ஆம் ஆண்டின் இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 21ஆம் பிரிவு, அரசுப் பள்ளிகளில் இதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. சட்டம் நடைமுறைக்கு வந்தது 2010 ஏப்ரல் 1. குழுவில் முக்கால் பங்கு பேர் அந்தப் பள்ளியில் படிக்கும் குழந்தைகளின் பெற்றோர் அல்லது பாதுகாவலராக இருக்க வேண்டும். மொத்தத்தில் பாதிப்பேர் பெண்கள். ஒடுக்கப்பட்ட, நலிந்த பிரிவுக் குழந்தைகளின் பெற்றோருக்கு, பள்ளியில் அந்தக் குழந்தைகள் எத்தனை பேரோ அந்த அளவுக்கு இடம். எந்தத் தெருக்காரர் வரலாம், வரக்கூடாது என்று ஊர்ப் பெரியவர்கள் முடிவு செய்கிற பேச்சுக்கே இதில் இடமில்லை.

தமிழ்நாட்டில் 2022இல் எல்லா அரசுப் பள்ளிகளிலும் பெற்றோரைக் கூட்டி இந்தக் குழுக்களைப் புதிதாக அமைத்தார்கள். 2024இல் மறுபடியும் மாற்றி அமைத்தபோது உறுப்பினர் எண்ணிக்கையை 20இலிருந்து 24 ஆக்கி, முன்னாள் மாணவர்களுக்கும் இடம் கொடுத்தார்கள். தலைவர் பெற்றோர்களில் ஒருவர். உள்ளாட்சி உறுப்பினர்களும் குழுவில் உண்டு. குழுவின் காலம் 2 ஆண்டு. பிள்ளை ஐந்தாம் வகுப்பு முடித்து வேறு பள்ளிக்குப் போய்விட்டால் பெற்றோர் என்ற முறையில் இருந்த இடமும் போய்விடும். அந்த இடத்துக்கு வேறு பெற்றோரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பல ஊர்களில் இதை மறந்துவிடுகிறார்கள்.

பெற்றோர் ஆசிரியர் கழகம் என்று ஏற்கெனவே ஒன்று இருக்கிறதே என்று கேட்பீர்கள். அது பழைய அமைப்பு, வேறு. இது சட்டத்தில் எழுதப்பட்டது. சட்டம் கொடுத்த வேலைகளில் முக்கியமானவை மூன்று. பள்ளி எப்படி நடக்கிறது என்று கண்காணிப்பது, பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிப்பது, வருகிற மானியம் எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பது. பள்ளிக்கான திட்டமும் மானியமும் இந்த வளர்ச்சித் திட்டத்தை அடிப்படையாகக் கொண்டே அமைய வேண்டும் என்று 22ஆம் பிரிவு சொல்கிறது. அதாவது, நீங்கள் எழுதாத தேவை கணக்கில் வராது.

சரி, எதைக் கேட்கலாம்? சட்டத்தின் அட்டவணையே ஒரு பட்டியல் தருகிறது. ஒவ்வொரு ஆசிரியருக்கும் ஒரு வகுப்பறையாவது, ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிக் கழிவறை, பாதுகாப்பான குடிநீர், சமையலறை, விளையாட்டுத் திடல், சுற்றுச்சுவர் அல்லது வேலி, நடக்க முடியாத குழந்தையும் தடையில்லாமல் உள்ளே வர வழி. 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர், 61 முதல் 90 வரை 3, 91 முதல் 120 வரை 4. ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 200 வேலை நாள், 800 மணி நேரப் பாடம். இவற்றில் எது குறைந்தாலும் "பள்ளிக்கூடத்துல இது இல்லையே" என்று புலம்ப வேண்டியதில்லை. சட்டப்படி இருக்க வேண்டியது இல்லை என்று எழுதலாம்.

எப்படி எழுதுவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஒரு தீர்மானப் பதிவேட்டில், "கழிவறை வசதி மேம்படுத்தித் தர வேண்டும் எனத் தீர்மானிக்கப்பட்டது" என்று பார்த்தேன். அடுத்த மாதமும் அதே வரி. அதற்கடுத்த மாதமும் அதுவே. அப்புறம் ஒரு கூட்டத்தில், மூன்றாம் வகுப்புப் பெண் குழந்தையின் அம்மா எழுந்தார். "கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. ஒரு பிள்ளை உள்ளே போனா இன்னொரு பிள்ளை வெளியே கதவைப் பிடிச்சுக்கிட்டு நிக்குது. அதனாலேயே என் மக காலையிலேர்ந்து தண்ணியே குடிக்கறதில்லை" என்றார். அன்று பதிவேட்டில் ஏறிய வரி இது: "பெண் குழந்தைகள் கழிவறையின் 2 கதவுகளுக்கும் உள்தாழ்ப்பாள் இல்லை. பள்ளி மானியத்திலிருந்து 10 நாளுக்குள் பொருத்த வேண்டும். பொறுப்பு: தலைமையாசிரியர், குழுத் தலைவர்." அடுத்த கூட்டத்துக்கு முன்பே தாழ்ப்பாள் வந்துவிட்டது. என்ன, எத்தனை, எந்தப் பணத்தில், எப்போதுக்குள், யார் பொறுப்பு. இந்த ஐந்தும் இருந்தால் அந்த வரியை யாரும் தள்ளிப்போட முடியாது. தீர்மானங்களைப் பெற்றோருக்கான கைபேசிச் செயலியிலும் ஏற்றுகிறார்கள். உங்கள் தீர்மானம் ஏறியதா என்று கூட்டம் முடிந்த கையோடு கேட்டுவிடுங்கள்.

பணம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் பள்ளி மானியம் என்று ஒன்று உண்டு. திட்ட விதிப்படி 30 பிள்ளைகள் வரை ஆண்டுக்கு 10,000 ரூபாய், 100 வரை 25,000, 250 வரை 50,000. இதில் 10 சதவீதமாவது தூய்மைப் பணிக்குப் போக வேண்டும். ஒன்றிய அரசுக்கும் மாநில அரசுக்கும் நடந்த இழுபறியில் அண்மை ஆண்டுகளில் இந்தத் திட்ட நிதி தடைபட்டது உண்மை. ஆனாலும் எவ்வளவு வந்தது, எதற்குப் போனது என்று கேட்கும் உரிமை குழுவுக்கு உண்டு. கேட்டால் ஆசிரியர்கள் சங்கடப்படுவார்களோ என்று தயங்காதீர்கள். கணக்கைத் திறந்து வைக்கிற தலைமையாசிரியருக்கு இந்தக் கேள்வி பாதுகாப்புதான்.

மானியத்தில் அடங்காத வேலைக்கு 2022 டிசம்பர் 19 அன்று தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டம் இருக்கிறது. வெளியூரில், வெளிநாட்டில் இருக்கும் முன்னாள் மாணவர்கள் தங்கள் பள்ளியைத் தேர்ந்தெடுத்து அதன் இணையதளம் வழியே பணம் கொடுக்கலாம். இது நமக்குப் புதுப் பழக்கமும் அல்ல. காமராசர் முதல்வராக இருந்தபோது, நெ. து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராக இருந்த காலத்தில், 1958இல் கடம்பத்தூரில் பள்ளிச் சீரமைப்பு மாநாடு நடந்தது. அப்புறம் ஊர் ஊராகப் பரவியது. மக்கள் மேசை, நாற்காலி, கரும்பலகை, மணி என்று கொண்டுவந்து கொட்டினார்கள். இன்றைய கல்விச் சீரின் வேர் அதில் இருப்பதாகவே நான் நினைக்கிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். சீர் வைக்கும் முன் குழுவில் பேசிவிடுங்கள். ஏற்கெனவே மூன்று சுவர்க்கடிகாரம் இருக்கிற பள்ளிக்கு நான்காவது வருகிறது. தட்டு கழுவ ஒரு குழாய் இல்லாமல் பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள்.

தட்டு என்றதும் காலை உணவு நினைவுக்கு வருகிறது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம், 2023 ஆகஸ்ட் 25 முதல் எல்லா அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கும் வந்துவிட்டது. சமைப்பவர்கள் மகளிர் சுய உதவிக்குழுவினர். உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று நாளுக்கு ஒன்று. உணவின் தரத்தைப் பார்ப்பதில் மேலாண்மைக் குழுவுக்கும் பங்கு உண்டு. வாரத்தில் ஒரு நாளாவது ஒரு பெற்றோர் போய், பிள்ளைகளோடு உட்கார்ந்து ஒரு கரண்டி சாப்பிட்டுப் பார்த்தால் போதும். சாம்பாரில் காய் இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

இனி ஆண்டு முழுக்க பள்ளியில் வருகிற நாட்கள். ஜூனில் பள்ளி திறப்பு, ஜூலை 15 கல்வி வளர்ச்சி நாள், ஆகஸ்ட் 15 கொடியேற்றம், கலைத் திருவிழா, நவம்பர் 14 குழந்தைகள் நாள், பொங்கல், ஆண்டு விழா. பந்தல், மைக் செட், மிட்டாய் என்று ஊர் தானாகவே வந்து நிற்கும். ஆண்டு விழாவன்று கூட்டம் நிறைய வரும் என்பதால், பள்ளி வயதுப் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் சேர்க்கை பற்றிப் பேச அதைவிட நல்ல நாள் கிடையாது.

இன்னொரு கதவும் இருக்கிறது. கிராமசபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. சுற்றுச்சுவர், குடிநீர் இணைப்பு, பள்ளிக்குப் போகும் பாதை, தெருவிளக்கு இதெல்லாம் ஊராட்சி கைக்குப் போக வேண்டிய வேலை. குழுவில் போட்ட தீர்மானத்தின் நகலை எடுத்துப்போய் அங்கே படித்து, கிராமசபைத் தீர்மானமாகவும் பதியச் சொல்லுங்கள். குழுவில் இருக்கும் வார்டு உறுப்பினரையே படிக்கச் சொன்னால் இன்னும் நல்லது.

குழுக் கூட்டம் மாதம் ஒரு முறை, பெரும்பாலும் வெள்ளிக்கிழமை மதியம். தேதி தெரியவில்லை என்றால் தலைமையாசிரியரிடம் கேளுங்கள். பள்ளிக் கல்விக்கான உதவி எண் 14417. போகும்போது போன மாதத் தீர்மானத்தைப் படிக்கச் சொல்லிவிட்டு, அதில் என்ன நடந்தது என்று கேட்டபிறகு கையெழுத்துப் போடுங்கள்.