பி.வி.ஆர்.: தன்னார்வச் சேமப் போலீஸ்

கோலாலம்பூரில் ‘அவர் பி.வி.ஆர்.ல இருக்காரு’ என்றால் கேட்பவருக்குப் புரிந்துவிடும். மலேசியப் போலீசின் ‘போலீஸ் வாலண்டியர் ரிசர்வ்’ என்ற ஆங்கிலப் பெயரின் சுருக்கம் அது. அதையே தமிழில் விரித்து எழுதச் சொன்னால் ஆளுக்கொரு பெயர் வரும்: துணைப் போலீஸ், தொண்டர் போலீஸ், பகுதிநேரப் போலீஸ். ‘ரேலா மாதிரி’ என்று இன்னொரு தொண்டர் அமைப்பைக் காட்டிக் கைகழுவுகிறவர்களும் உண்டு. நான்குமே பிழை. முதலாவதும் கடைசியும் வெறும் பெயர்ப் பிழை அல்ல, ஆளையே மாற்றிவிடுகிற பிழை.

மலாயில் இதன் பெயர் ‘சுக்காரெலாவான் சிம்பானான் போலிஸ்’. 1967-ஆம் ஆண்டின் போலீஸ் சட்டத்தின் கீழ் வரும் படை. இதில் இருப்பவருக்குச் சொந்தமாக வேறு வேலை இருக்கும். கணக்கராகவோ கடைக்காரராகவோ இருப்பார். பணிக்கு அழைக்கும்போது சீருடை அணிந்து, வழக்கமான போலீசாரோடு நின்று வேலை பார்க்கிறார். பணியில் இருக்கும் நேரத்தில் அதே பதவியிலுள்ள போலீசாருக்கு உள்ள அதிகாரம் அவருக்கும் உண்டு. கடமையும் கட்டுப்பாடும் அப்படியே. மாதச் சம்பளம் கிடையாது, பணி செய்த நேரத்துக்கு அலவன்ஸ் மட்டும்.

‘துணைப் போலீஸ்’ என்பது ‘போலிஸ் பந்துவான்’. சட்டம் அதே சட்டம்தான், ஆனால் ஆள் வேறு. விமான நிலையம், ரயில், துறைமுகம் போன்ற இடங்களில் நிறுவனமே சம்பளம் கொடுத்து வைத்திருக்கும் முழுநேர ஊழியர் அவர். ‘பந்து’ என்றால் உதவு. ஆகவே துணை என்ற மொழிபெயர்ப்பு அங்கே கச்சிதம். அதைத் தூக்கி பி.வி.ஆர்.க்கு ஒட்டினால், சம்பளக்காரரும் சம்பளம் வாங்காதவரும் ஒரே பெயரில் நிற்பார்கள். ரேலாவோ போலீசே அல்ல. 1972-இல் தொடங்கிய, உள்துறை அமைச்சின் கீழ் இயங்கும் தனி அமைப்பு அது.

தைப்பூசத்தையொட்டி இரவில் ஜாலான் துன் எச்.எஸ். லீ மகா மாரியம்மன் கோயிலிலிருந்து வெள்ளிரதம் பத்துமலைக்குப் புறப்படும்போது இவர்கள் எல்லாரையும் ஒரே தெருவில் பார்க்கலாம். சாலைத் தடுப்பின் இந்தப் பக்கம் கோயில் தொண்டர், அந்தப் பக்கம் ரேலா, நடுவில் போலீஸ். ‘தொண்டர் போலீஸ்’ என்ற பெயர் ஏன் ஒத்துவராது என்பதற்கு அந்தத் தடுப்பே சாட்சி. தொண்டர் ‘கொஞ்சம் வழி விடுங்க’ என்று கேட்கலாம், கைகூப்பலாம். தடுப்பைத் தாண்டி வம்பு செய்கிறவனைக் கைது செய்ய அவரால் ஆகாது. பணியில் நிற்கும் பி.வி.ஆர். உறுப்பினரால் ஆகும்.

இனிச் சொல்லைப் பிரித்துப் பார்க்கலாம். ‘சுக்காரெலாவான்’ நமக்கு அவ்வளவு அந்நியம் இல்லை. சுக்கா என்பது வடமொழி சுகம். ரெலா அரபு வழி வந்தது, இசைவு என்று பொருள். வான் என்ற ஈறு தனவான், குணவான் என்று நாம் சொல்லுகிற அதே ஈறு. ஆக, மனமுவந்து இசைந்தவர். தமிழில் தன்னார்வலர் இதற்கு நன்றாகப் பொருந்துகிறது. ‘அன்பிற்கும் உண்டோ அடைக்குந்தாழ்’ என்ற குறளில் ஆர்வலர் என்றால் அன்புடையவர். இன்றைக்கு அன்பு விருப்பமாகக் கொஞ்சம் இளகியிருக்கிறது, அவ்வளவுதான்.

சிக்கல் ‘சிம்பானான்’ என்பதில்தான். சிம்பான் என்றால் எடுத்துவைத்தல். வங்கியில் போட்டால் அது சேமிப்பு. கோலாலம்பூர் நடுவில், கோபுரங்களுக்கு இடையே நிற்கும் புக்கிட் நானாஸ் காடு 1906-இல் ‘ஹுத்தான் சிம்பான்’ ஆயிற்று. தமிழில் அது காப்புக்காடு. போலீசுக்கு வரும்போது சேமிப்பும் சரிவராது, காப்பும் சரிவராது. ‘சேமிப்புப் போலீஸ்’ என்றால் உண்டியல் நினைவுதான் வரும். இந்தக் குழப்பத்துக்குப் பயந்தே பலர் இந்தப் பகுதியைச் சத்தமில்லாமல் விட்டுவிட்டு ‘தன்னார்வப் போலீஸ்’ என்று எழுதிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தேவை வரும்போது எடுத்துக்கொள்ளத் தனியாக வைத்திருக்கும் படை என்ற கருத்தே அந்தப் பகுதியில்தான் இருக்கிறது.

அதற்குச் சேமம் என்ற சொல் இருக்கிறது. புறநானூற்றின் 102-ஆம் பாட்டில் அதியமான் மகன் பொகுட்டெழினியை ஔவையார் பாடும்போது உப்பு வணிகரின் வண்டி வருகிறது. மாடுகள் நுகம் பழகாத இளசுகள். வண்டியில் பாரம் அதிகம். பள்ளத்தில் இறங்குமோ மேட்டில் ஏறுமோ, என்ன ஆகுமென்று யார் கண்டது? அதனால் உமணர்கள் வண்டிக்கு அடியில் இன்னொரு அச்சைக் கட்டித் தொங்கவிட்டுப் போகிறார்கள். அதன் பெயர் சேம அச்சு. ஓடுகிற அச்சு முறிந்தால் அதன் இடத்தில் மாட்ட வேண்டியது, ஆகவே அதுவும் அச்சுதான், அதே பலம் வேண்டும். பி.வி.ஆர்.க்கு இதைவிடப் பொருத்தமான விளக்கத்தை நான் பார்த்ததில்லை.

சேமம் வடமொழி க்ஷேமத்திலிருந்து வந்தது என்பது அகராதிகள் சொல்லும் கணக்கு. தமிழின் ஏமத்தோடு உறவு காட்டுவோரும் உண்டு. எப்படியானாலும் மலேசியத் தமிழருக்கு அது புதுச்சொல் அல்ல. மாதாமாதம் சம்பளத்தில் பிடிக்கும் ஊழியர் சேமநிதியில் இருப்பது இந்தச் சேமம்தான். தமிழ்நாட்டிலும் மத்திய சேமக் காவல் படை என்று எழுதுகிறார்கள்.

அப்படியானால் இங்கேயும் ‘சேமக் காவலர்’ என்று எழுதிவிடலாமே என்று கேட்கலாம். தமிழ்நாட்டில் சரி. இங்கே காவலர், பாதுகாவலர் என்றவுடன் அடுக்குமாடி வாசலில் உட்கார்ந்திருக்கும் ‘ஜாகா’தான் கண்ணில் வருவார். போலீஸ் நம் ஊரில் ஊறிப்போன சொல். பினாங்கில் 1807 மார்ச் 25-இல் நீதி சாசனம் வந்த நாளையே இன்றும் போலீஸ் தினமாகக் கொண்டாடுகிறார்கள். சொல்லின் வேர் கிரேக்கத்தில் நகரத்தைக் குறிக்கும் போலிஸ். மலாய் எழுத்துக்கூட்டில் அந்த வேர் அப்படியே நிற்பது தற்செயல்தான். இருநூறு ஆண்டுக்கும் மேலாகப் புழங்கும் சொல்லை இந்த ஒரு படைக்காக மாற்றவேண்டியதில்லை.

எனவே ‘தன்னார்வச் சேமப் போலீஸ்’. ஆளைக் குறிக்கும்போது தன்னார்வச் சேமப் போலீஸ்காரர், அதிகாரி, உறுப்பினர் என்று சேர்த்துக்கொள்ளலாம். செய்தியில் முதல் தடவை முழுப்பெயர், பிறகு பி.வி.ஆர். என்று எழுதினால் தலைப்பிலும் இடம் அடங்கும். பல்கலைக்கழகங்களில் இருக்கும் சுக்சிஸ் அணிக்கு மட்டும் சேமத்தைச் சேர்க்க வேண்டாம். அதன் மலாய்ப் பெயரிலேயே சிம்பானான் இல்லை. மாணவர் தன்னார்வப் போலீஸ் அணி என்றாலே போதும்.