அக்கார்டியனுக்குப் பக்கத்தில் உட்காரும் குழல்

ஐரிஷ் செஷனில், அதாவது பப்பில் கூடி அயர்லாந்து மரபிசை வாசிக்கும் சந்திப்பில், குழல்காரர் படும் பாடு கொஞ்சநஞ்சமல்ல. பப்பின் ஒரு மூலையில் ஏழெட்டுப் பேர் வட்டமாக உட்கார்ந்திருப்பார்கள். இரண்டு ஃபிடில், ஒரு பான்ஜோ, ஒரு பட்டன் அக்கார்டியன், சில நாள் இல்லன் பைப்பும் (துருத்தியால் காற்றடைக்கும் ஐரிஷ் பைப்) சேர்ந்துகொள்ளும். மைக் கிடையாது. கவுன்டர் பக்கம் பத்துப் பேர் அன்றைய மேட்ச்சைப் பற்றிக் கத்திக்கொண்டிருப்பார்கள். இதற்கு நடுவில் மரக்குழலை எடுத்து ஒரு ரீல் (வேகமான நடன மெட்டு) வாசித்தால், வாசிப்பவருக்கே தன் சத்தம் கேட்காது. நான் முதன்முதலில் அப்படி உட்கார்ந்த இரவில் விரல்கள் மட்டும்தான் ஓடின, காதில் விழுந்ததெல்லாம் அக்கார்டியன். வீட்டுக்கு வந்ததும் ‘நல்ல சத்தமான குழல் எது’ என்று தேட ஆரம்பித்தேன். கேள்வியே தப்பு என்று புரிய ஒரு வருஷமும், தண்டத்துக்கு வாங்கிய ஒரு குழலும் தேவைப்பட்டன.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இன்று ‘ஐரிஷ் குழல்’ என்று சொல்லப்படுவது அயர்லாந்தில் பிறந்த வாத்தியமே இல்லை. 19ஆம் நூற்றாண்டில் லண்டன் பட்டறைகளில் கச்சேரி மேடைக்காகக் கடைந்த குழல் அது. சத்தத்துக்கான போட்டியும் அங்கேதான் தொடங்கியது. சார்லஸ் நிக்கல்சன் என்று ஒரு வித்வான், விரல்துளைகளையும் ஊதுதுளையையும் பெரிதாக்கிய குழலில் அரங்கமே அதிர வாசிப்பார். 1831இல் லண்டன் வந்த மியூனிக்காரர் தியோபால்ட் பேம், தன் குழலை வைத்துக்கொண்டு அந்த நாதத்துக்கு ஈடுகொடுக்க முடியாது என்று கண்டுகொண்டார். ஊர் திரும்பிக் குழலையே மாற்றியமைக்க உட்கார்ந்தவர், 1832இல் ஒரு வடிவம் செய்தார், 1847இல் இன்னொன்று. இந்த இரண்டாவதுதான் இன்றைய ஆர்க்கெஸ்ட்ரா வெள்ளிக்குழலுக்குத் தாய். மேடைக்காரர்கள் மெல்ல அந்தப் பக்கம் நகர, பழைய மரக்குழல்கள் மலிந்துபோய் அயர்லாந்துக் கிராமங்களில் வாசிப்பவர்கள் கைக்கு வந்தன. ஸ்லைகோ, ராஸ்காமன், லீட்ரிம் பக்கம் குழல் வேரூன்றியது. ராஸ்காமனில் பிறந்த மாட் மொல்லாயின் வாசிப்பைக் கேட்டவர்களுக்கு, மரக்குழல் என்றால் மெல்லிசான சாதுச் சத்தம் என்ற எண்ணமே போய்விடும்.

சரி, அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது?

நாதஸ்வரத்துக்குச் சீவாளி இருக்கிறது. குழலுக்கு அப்படி எதுவும் இல்லை, காற்றேதான் சீவாளி. உதடுகளுக்கு நடுவிலிருந்து மெல்லிய தாரையாக வரும் காற்று, ஊதுதுளையின் குறுக்கே பாய்ந்து எதிர் விளிம்பில் மோதுகிறது. உள்ளே இருக்கும் காற்றுத்தம்பம் முன்னும் பின்னும் அசைய, அந்த அசைவு தாரையை மேலும் கீழுமாகத் தள்ளுகிறது. தாரை ஒரு தரம் குழலுக்குள் போகிறது, மறு தரம் வெளியே போகிறது, உள்ளே போகும் ஒவ்வொரு தரமும் சரியான நேரத்தில் ஊஞ்சலைத் தள்ளிவிடுவது மாதிரி அசைவுக்குத் தெம்பு கொடுக்கிறது. ஐரிஷ் குழலின் ஆகக் கீழான டி சுரத்துக்கு இது நொடிக்கு சுமார் 294 தரம் நடக்கிறது. வாய்க்குள் வெறும் 500 பாஸ்கல் அழுத்தம் இருந்தாலே, அதாவது ஸ்ட்ராவில் தண்ணீரை 5 செ.மீ. ஏற்றும் அளவு, தாரை நொடிக்கு 29 மீட்டர் வேகத்தில் பாயும். மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல்.

அப்படியானால் இன்னும் பலமாக ஊதினால் போதாதா? போதாது. இந்த இடத்தில்தான் நான் ஏமாந்தேன். பலமாக ஊதும்போது அடிப்படைச் சுரத்தின் வலு ஓரளவுக்கு மேல் ஏறுவதில்லை. ஏறுவது அதன் மேற்சுரங்கள்தான், கீழ் டிக்கு இரு மடங்கு, மும்மடங்கு, நான்மடங்காக 587, 881, 1175 ஹெர்ட்ஸ் என்று அடுக்காகப் போகிறவை. நம் காதோ 300 ஹெர்ட்ஸ் பக்கம் கொஞ்சம் மந்தம், 2000 முதல் 5000 ஹெர்ட்ஸ் வரை படுகூர்மை. போதாக்குறைக்கு, அக்கார்டியனும் ஃபிடிலும் கீழ்ப்பகுதியை ஏற்கனவே நிரப்பி வைத்திருக்கின்றன. எனவே கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு கேட்கும் குழல் என்றால் மேற்சுரங்கள் நிறைந்த குழல் என்று அர்த்தம். வெறும் பலம் உதவாது என்பதற்கு ஒரு கணக்கு: ஒரே மாதிரி ஊதும் இரண்டு பேர் சேர்ந்தால் கூடுவது 3 டெசிபல்தான், காதுக்கு இரு மடங்காகப் பட சுமார் 10 டெசிபல் கூட வேண்டும், அதற்குப் பத்துக் குழல்காரர்கள் வேண்டும். பத்துக் குழல்காரர்களை எந்த பப்பும் தாங்காது.

நல்ல ஐரிஷ் வாசிப்பாளர் கீழ் டியை ஊதும்போது கவனியுங்கள். பூ மாதிரி இராது, கரகரவென்று பைப் வாத்தியம் போல உறுமும். உதட்டால் ஊதுதுளையைச் சற்று அதிகமாக மூடி, தாரையை மெலிதாக்கி, நேராக விளிம்பைக் குறிவைக்காமல் கொஞ்சம் கீழே, குழலுக்குள் இறங்குகிற மாதிரி திருப்புவதுதான் சூட்சுமம். தாரை விளிம்பின் மேலும் கீழும் சரிபாதியாக ஆடினால் இரண்டாம், நான்காம் அதிர்வுகள் (மேலே சொன்ன 587, 1175 ஹெர்ட்ஸ்) மெலிந்து போகும்; மையத்திலிருந்து விலகி ஆடினால் அவை எழும்பும். அந்த இரண்டாம் அதிர்வுதான் உறுமலின் முதுகெலும்பு. பலமாக ஊதினால் சுருதி ஏறும் என்பதையும், உதடு அதிகம் மூடினால் சுருதி இறங்கும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள், ஒன்றின் தப்பை மற்றது சரிசெய்துவிடுகிறது.

இனி குழலுக்கு வருவோம். கடைக்காரர்களும் செய்பவர்களும் இரண்டு பெயர்களைச் சொல்வார்கள்: ரூடால், பிராட்டன். 1821இல் கூட்டுச் சேர்ந்த ரூடால் அண்ட் ரோஸ் பட்டறையின் குழல்களைப் பின்பற்றுபவை பெரும்பாலும் நடுத்தரத் துளை, ஒடுங்கிய உட்குழாய்; நாதம் செறிவாக, கொஞ்சம் இருட்டாக இருக்கும். ராபர்ட் சிட்னி பிராட்டன் என்ற வாசிப்பாளரின் பெயரில் பூஸி கம்பெனி செய்தவற்றைப் பின்பற்றுபவை பெரிய துளை, அகன்ற உட்குழாய். பெரிய சத்தம் என்றதும் எல்லோரும் கைகாட்டுவது இதைத்தான்.

துளை பெரிதானால் ஏன் சத்தம்? திறந்த துளை வழியே காற்று வெளியேறுகிறது என்று பொதுவாகச் சொன்னாலும், எல்லா அதிர்வுகளும் ஒரே மாதிரி வெளியேறுவதில்லை. தாழ்ந்த அதிர்வுகளுக்கு முதல் திறந்த துளையிலேயே குழல் முடிந்துவிடுகிறது. ஒரு எல்லைக்கு மேற்பட்ட அதிர்வுகளோ அந்தத் துளையைக் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போகின்றன. அவை குழலோடு சரியாக ஒத்திசைவதில்லை, எனவே வலுப்பெறுவதும் இல்லை. துளை பெரிதாக ஆக இந்த எல்லை மேலே ஏறும், இன்னும் சில மேற்சுரங்கள் ஆட்டத்தில் சேர்ந்துகொள்ளும். சிறிய துளைக் குழல் மங்கலாகவும் பெரிய துளைக் குழல் பளிச்சென்றும் கேட்பது இதனால்தான்.

இதை ஒரே குழலிலேயே கேட்டுப் பார்க்கலாம். ஐரிஷ் குழலில் ஆறு விரல்துளைகள், கடைசித் துளை மற்றவற்றைவிடச் சிறியது, அதற்கு முந்தையதோ எல்லாவற்றிலும் பெரியது. ஒலியியல்படி கடைசித் துளை இன்னும் கீழே இருந்திருக்க வேண்டும், ஆனால் மோதிர விரல் அவ்வளவு தூரம் எட்டாது. எனவே மேலே நகர்த்தி, சுருதி ஏறாமலிருக்கச் சிறிதாக்கிவிட்டார்கள். விளைவு, அந்தத் துளையிலிருந்து பிறக்கும் ஈ சுரம் மூக்கடைத்த மாதிரி கேட்கும். எந்தக் குழலைக் கையில் எடுத்தாலும் நான் முதலில் ஊதுவது கீழ் டி, அடுத்தது இந்த ஈ. டி எல்லாக் குழலிலும் ஓரளவு பேசும். ஈ-யும் பேசினால் செய்தவர் கைதேர்ந்தவர்.

பெரிய துளைக்கு விலையும் உண்டு. சின்ன விரல்காரர்களால் அதை முழுசாக மூட முடியாது, மூச்சும் நிறையக் கேட்கும். உதடு பழகாதவர் கையில் பிராட்டன் கொடுத்தால் காற்றிரைச்சல்தான் வரும், அதே ஆள் நடுத்தர ரூடாலில் அதைவிடச் சத்தமாக வாசிப்பார். இதை நான் பலமுறை பார்த்துவிட்டேன். தொடங்குகிறவர்கள் ‘ஆகப் பெரிய துளை’ என்று ஆர்டர் கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

விரல்துளையைவிடச் சத்தத்தை அதிகம் தீர்மானிப்பது ஊதுதுளையின் வெட்டு. பழைய குழல்களில் அது நீள்வட்டம். இப்போது பலர் மூலை மழுங்கிய செவ்வகமாக வெட்டுகிறார்கள், தாரை மோதும் விளிம்பு அகலமாகவும் நேராகவும் கிடைக்கும் என்பதற்காக. குழலை வெளிச்சத்தில் சாய்த்து அந்த விளிம்பைப் பாருங்கள். கத்தி மாதிரி சுத்தமாக இருக்க வேண்டும், நகத்தால் வருடினால் பிசிறு தட்டக் கூடாது. ஒரு மில்லிமீட்டரில் சிறு பங்கு மாறினாலே குழலின் குணம் மாறிவிடும் இடம் அது. நல்ல பட்டறைகளில் எந்திரம் செய்யும் வேலையைத் தாண்டி, இந்த இடத்தைக் கத்தியும் கண்ணும் வைத்துக் கையால்தான் முடிக்கிறார்கள்.

மரம்? எல்லோரும் சண்டை போடுவது இதைப் பற்றித்தான். ஆப்பிரிக்கக் கருமரமா, பாக்ஸ்வுட்டா, அந்தக் காலத்துக் கோகஸ் மரமா என்று மணிக்கணக்காகப் பேசுவார்கள். ஜான் கோல்ட்மன் என்ற இயற்பியலாளர் ஒரே உள்ளளவுகளோடு வெள்ளி, செம்பு, மரம் மூன்றிலும் குழல் செய்து, திரைக்குப் பின்னால் வாசிக்க வைத்துச் சோதித்ததை 1971இல் வெளியிட்டார். கேட்டவர்களால் எது எது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை, எந்தக் குழல் என்று தெரியாமல் கையில் வாங்கி வாசித்தவர்களாலும் முடியவில்லை. சுவர் அதிர்ந்து சத்தம் வருவதில்லை, உள்ளே இருக்கும் காற்றுதான் அதிர்கிறது. மரம் முக்கியமாவது வேறு வழியில்: கருமரம் கெட்டியானது, விளிம்பு கூராக நிற்கும், உட்சுவர் வழவழவென்று அமையும், ஈரத்துக்கு அவ்வளவாக வளையாது. டெல்ரின் என்ற பிளாஸ்டிக்கும் இதையெல்லாம் செய்யும், வெடிக்கவும் வெடிக்காது. அழகில்லை, அவ்வளவுதான்.

நான் ஏமாந்த கதை இதுதான். வலைத்தளம் ஒன்றில் மலிவு விலையில் ஒரு ரோஸ்வுட் குழல், எட்டு கீ (கூடுதல் துளைகளைத் திறந்து மூடும் உலோக நெம்புகள்), பித்தளை வளையங்கள், படத்தில் கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருந்தது. கையில் வந்ததும் எவ்வளவு ஊதினாலும் கீழ் டி முனகலுக்கு மேல் போகவில்லை. ஒரு மாதம் என் உதட்டைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். அப்புறம் செஷனுக்கு வரும் பெரியவர் ஒருவர் வாங்கிப் பார்த்தார். தலைப்பகுதியைக் கழற்றினார், உடலின் அடிமுனையை உள்ளங்கையால் அடைத்துக்கொண்டு, என்னை விரல்துளைகளை மூடச் சொல்லிவிட்டு, மேல்முனையில் வாய் வைத்துக் காற்றை உறிஞ்சினார். ஒழுகாத குழல் என்றால் அந்த வெற்றிடம் இரண்டு மூன்று நொடியாவது நின்று, விடும்போது ‘பொக்’ என்று சத்தம் வரும். என் குழலில் உஸ்ஸென்று காற்று உள்ளே வந்துகொண்டே இருந்தது. கீக்களின் அடியில் துளையை அடைக்கும் பேட்கள் ஒழுகின, இணைப்புகள் ஒழுகின. ஒரு சின்ன ஒழுக்கு போதும், கீழ்ச் சுரங்கள் செத்துவிடும், ஏனென்றால் காற்றுத்தம்பத்தில் அழுத்தம் சேர வேண்டிய இடத்தில் ஓட்டை விழுந்துவிடுகிறது. பேட் மாற்றி, இணைப்புக்கு நூல் சுற்றி, உள்ளே பாதாம் எண்ணெய் தடவியதும் அதே குழல் ஓரளவு வாய் திறந்தது. ரீல், ஜிக் போன்ற நடன மெட்டுகளில் பெரும்பாலானவை டி, ஜி ஸ்கேல்களில்தான் ஓடுகின்றன என்பதால் கீ இல்லாத ஆறு துளைக் குழலே ஆரம்பத்துக்குப் போதும். ஒழுக இடமும் குறைவு.

வாங்கும்போது உங்கள் காதை நம்பாதீர்கள். ஊதுதுளை மூக்குக்குக் கீழேயே இருப்பதால் காற்றிரைச்சலும் அருகிலிருக்கும் சத்தமும்தான் உங்களுக்கு அதிகம் விழும், அறையின் மறுமுனைக்குப் போய்ச் சேருவது வேறு. நான்கைந்து மீட்டர் தள்ளி ஒருவரை நிறுத்துங்கள், அல்லது போனை அங்கே வைத்து ரெக்கார்டர் ஓடவிட்டு ஒரே ரீலை இரண்டு குழலிலும் வாசியுங்கள், முடிந்தால் ஃபிரிட்ஜோ டிவியோ ஓடிக்கொண்டிருக்கும் அறையில். வாசிக்கும்போது மந்தமாகப் பட்ட குழல் பதிவில் பளிச்சென்று கேட்பதும் நடக்கும், நேர்மாறாகவும் நடக்கும்.

இப்போது என்னிடம் இருப்பது நடுத்தரத் துளை டெல்ரின் குழல். செஷனில் முதுகுக்குப் பின்னால் ஜன்னல் திரையோ மெத்தையோ இல்லாமல் வெறும் சுவர் இருக்கிற இடமாகப் பார்க்கிறேன், சுவரில் பட்டுத் திரும்பும் சத்தம் எனக்கும் கேட்கும், வட்டத்துக்கும் போய்ச் சேரும். வலது கைப்பக்கம் குழல் நீளத்துக்கு இடமும் வேண்டும், இல்லாவிட்டால் பக்கத்து ஃபிடில்காரரின் வில் இடிக்கும். எங்கள் பப்பில் அப்படி ஒரே ஒரு நாற்காலிதான் இருக்கிறது. அக்கார்டியன்காரர் வருவதற்குள் போய் அதைப் பிடித்துவிடுவேன்.