பதினொன்றாம் வகுப்புப் பாடங்களைத் தீர்மானிக்கும் பிப்ரவரி: அமெரிக்காவில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோருக்கு

கலிஃபோர்னியாவின் அரசு உயர்நிலைப் பள்ளிகள் பலவற்றில், ஜனவரி இறுதியிலோ பிப்ரவரியிலோ, பத்தாம் வகுப்பு மாணவர்களிடம் அடுத்த ஆண்டுக்கான பாடத் தேர்வுப் படிவம் வந்து சேரும். நிறைய வீடுகளில் பெற்றோர் கண்ணில் படாமலேயே, நண்பர்கள் எடுக்கும் பாடங்களைப் பார்த்து ஒரே இரவில் அதை நிரப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். உயர்நிலைப் பள்ளி ஆலோசகராகப் பணியாற்றும் எனக்கு, கல்லூரி விண்ணப்பத்தோடு தொடர்புடைய எல்லாத் தாள்களிலும் இந்த ஒரு படிவம்தான் மிக முக்கியமானதாகத் தோன்றுகிறது. பன்னிரண்டாம் வகுப்பின் இலையுதிர் காலத்தில் விண்ணப்பத்துக்காக எத்தனை நல்ல கட்டுரை எழுதினாலும், படிக்காமல் விட்ட பாடத்தை அது ஈடு செய்யாது.

நம் தமிழ்ப் பெற்றோருக்குப் பத்தாம் வகுப்பு என்றவுடன் பொதுத்தேர்வு நினைவுக்கு வருவது இயல்பு. தமிழ்நாட்டில் அந்த ஒரு தேர்வின் மதிப்பெண், பதினொன்றில் எந்தப் பாடப்பிரிவு கிடைக்கும் என்பதையே முடிவு செய்யும். அமெரிக்கப் பள்ளியில் அப்படி ஒரு நாள் கிடையாது என்பதால், “டென்த்தான மேடம், இன்னும் ரெண்டு வருஷம் இருக்கே” என்று சில பெற்றோர் நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். வேறு சிலர், இல்லாத பொதுத்தேர்வின் இடத்தில் கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்.ஏ.டி. தேர்வைக் கொண்டுவந்து வைத்துப் பிள்ளையைப் பயிற்சி வகுப்புக்கு அனுப்பத் தொடங்குகிறார்கள். இரண்டுமே கவனத்தைத் தவறான இடத்தில் வைப்பவை. இங்கே ஒன்பதாம் வகுப்பிலிருந்து ஒவ்வொரு செமஸ்டரும் மதிப்பெண் பட்டியலில் ஒரு வரியாகப் பதிவாகிக்கொண்டே போகிறது. பத்தாம் வகுப்பின் நடுவில் நிற்கும்போது அந்தப் பட்டியலில் கால் பகுதிக்கு மேல் ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கும்.

ஆகவே முதலில் செய்ய வேண்டியது, பிள்ளையின் டிரான்ஸ்கிரிப்டை ஒரு முறை அச்செடுத்து மேசையில் வைத்துக்கொண்டு வரிவரியாகப் பார்ப்பது. பள்ளி இணையதளத்தில் தெரியும் அன்றாட மதிப்பெண்களை நான் சொல்லவில்லை. செமஸ்டர் முடிவில் நிலையாகப் பதிவாகும் பட்டியலைச் சொல்கிறேன். அதைப் பார்க்கும்போது இரண்டு அளவுகோல்களைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, பள்ளிப் படிப்பை முடித்துச் சான்றிதழ் பெறுவதற்கான தேவை. கலிஃபோர்னியா மாநிலம் வகுத்திருக்கும் குறைந்தபட்சத்தில் ஆங்கிலம் 3 ஆண்டு, கணிதம் 2 ஆண்டு, அறிவியல் 2 ஆண்டு, சமூக அறிவியல் 3 ஆண்டு, உடற்கல்வி 2 ஆண்டு ஆகியவையும் வேறொரு விருப்பப் பிரிவும் அடங்கும். பள்ளி மாவட்டங்கள் இதன் மேல் தங்கள் தேவைகளைச் சேர்த்துக்கொள்ளும். மற்றொன்று, கலிஃபோர்னியா பல்கலைக்கழகமும் கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகமும் கேட்கும் ‘ஏ-ஜி’ பாடங்கள். அதில் மொத்தம் 15 ஓராண்டுப் பாடங்கள் உண்டு. கணிதம் 3 ஆண்டு கட்டாயம், 4 ஆண்டு பரிந்துரை. ஆங்கிலம் அல்லாத மொழி ஒன்று 2 ஆண்டு. ஒரே கலைப் பாடம் ஓராண்டு.

இந்த இரண்டுக்கும் நடுவில்தான் பிள்ளைகள் சிக்குகிறார்கள். ஓர் எடுத்துக்காட்டைச் சொல்கிறேன். ஒரு மாணவி பத்தாம் வகுப்பின் ஒரு செமஸ்டரில் ஸ்பானிஷ் 2 பாடத்தில் ‘டி’ வாங்குகிறாள்; ஏ, பி, சி, டி என்று இறங்கும் தரவரிசையில் அது தேர்ச்சியின் கடைசிப் படி. பள்ளியைப் பொறுத்தவரை அவள் தேர்ச்சி பெற்றுவிட்டாள், கிரெடிட் கிடைத்துவிடும், எச்சரிக்கைக் கடிதம் எதுவும் வீட்டுக்கு வராது. ஆனால் ‘ஏ-ஜி’ கணக்கில் ‘சி’ அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் அந்தப் பாடம் நிறைவேறியதாகும். இதைப் பத்தாம் வகுப்பிலேயே கண்டுபிடித்தால் வழி இருக்கிறது: கோடையில் அதே பாடத்தை மீண்டும் படித்துப் பழைய மதிப்பெண்ணை மாற்றலாம், அல்லது ஸ்பானிஷ் 3 எடுத்து அதில் ‘சி’க்குக் குறையாமல் வாங்கினால் கீழ்நிலைப் பாடத்தின் தேவை நிறைவேறியதாக ஏற்றுக்கொள்ளப்படும். முதல் வழியில் ‘டி’ சராசரியிலிருந்து விலகும். இரண்டாவது வழியில் தேவை நிறைவேறினாலும் ‘டி’ சராசரியில் தொடர்ந்து இருக்கும். பன்னிரண்டாம் வகுப்பின் அக்டோபரில் இதே ‘டி’யைக் கண்டுபிடிப்பவர்களுக்கு விண்ணப்பத்துக்கு முன் ஒரு கோடைகூட மிச்சமிருப்பதில்லை.

கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் சேர்க்கைக்கான சராசரியைக் கணக்கிடும் முறை, பத்தாம் வகுப்பின் முக்கியத்துவத்தை இன்னும் கூட்டுகிறது. ஒன்பதாம் வகுப்பு முடிந்த கோடையிலிருந்து பதினொன்றாம் வகுப்பு முடிந்த கோடை வரை எடுத்த ‘ஏ-ஜி’ பாடங்களின் மதிப்பெண்களே அதில் சேரும். ஒன்பதாம் வகுப்புப் பாடங்கள் தேவையை நிறைவேற்றப் பயன்படும். அவற்றின் மதிப்பெண் சராசரியில் சேராது. தடுமாற்றத்தோடு உயர்நிலைப் பள்ளியைத் தொடங்கிய பிள்ளைக்கு இது பெரிய ஆறுதல், அதை அவர்களிடம் தவறாமல் சொல்ல வேண்டும். அதே நேரம், பத்தாம் வகுப்பின் ஒவ்வொரு செமஸ்டரும் அந்தச் சராசரியில் நேராகப் போய் உட்காருகிறது.

இனி, பள்ளியிலேயே கல்லூரி அளவில் நடத்தப்படும் ஏ.பி. பாடங்கள். “எத்தனை ஏ.பி. எடுக்கலாம்?” என்பதே தமிழ்ப் பெற்றோர் என்னிடம் முதலில் கேட்கும் கேள்வி. ஏ.பி. பாடங்களுக்கும், வழக்கமான வகுப்பைவிடக் கடினமான ஆனர்ஸ் பாடங்களுக்கும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் தரும் கூடுதல் புள்ளி, அதன் வரம்பிட்ட சராசரியில் 8 செமஸ்டர்களுக்கு மட்டுமே. அதிலும் பத்தாம் வகுப்பிலிருந்து 4 செமஸ்டர்களுக்கு மேல் எடுத்துக்கொள்ளப்படாது. ஓர் ஆண்டுப் பாடம் இரண்டு செமஸ்டர் என்பதால், பத்து, பதினொன்று ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் சேர்த்து நான்கு பாடங்களிலேயே அந்த வரம்பு நிறைந்துவிடும். பாடங்களின் கடினத்தையும் சேர்க்கைக் குழுவினர் தனியே பார்க்கிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் பதினொன்றாம் வகுப்பில் ஒரே ஆண்டில் ஐந்து ஏ.பி. எடுத்து, இரவு ஒரு மணி வரை விழித்து, ‘பி’யும் ‘சி’யுமாக முடிக்கும் பிள்ளைக்கு அதனால் என்ன லாபம் என்று நான் ஒவ்வோர் ஆண்டும் பெற்றோரிடம் கேட்கிறேன். பிள்ளைக்கு உண்மையாகப் பிடித்த இரண்டு அல்லது மூன்று பாடங்களில் ஏ.பி.யும், மற்றவற்றில் வழக்கமான வகுப்பும், எட்டு மணி நேரத் தூக்கமும் என்று திட்டமிடுவதே நான் பெரும்பாலும் தரும் ஆலோசனை. கணிதத்தை மட்டும் கொஞ்சம் முன்கூட்டிப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அதில் ஒன்றன் மேல் ஒன்றாகப் பாடங்கள் அமைந்திருக்கின்றன: இப்போது ஜியாமெட்ரி படிக்கும் பிள்ளை வழக்கமான வரிசையில் போனால் பதினொன்றில் அல்ஜீப்ரா 2, பன்னிரண்டில் ப்ரீகால்குலஸ் என்று நிற்கும். பொறியியலில் ஆசை இருந்து, பள்ளியிலேயே கால்குலஸ் முடிக்க விரும்பினால், ஒரு கோடையைப் பயன்படுத்துவதா என்று முடிவெடுக்க வேண்டிய நேரம் இதுதான்.

எஸ்.ஏ.டி.யைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். கலிஃபோர்னியாவின் இரண்டு அரசுப் பல்கலைக்கழக அமைப்புகளும் சேர்க்கை முடிவில் அந்த மதிப்பெண்ணைப் பார்ப்பதே இல்லை. எம்.ஐ.டி., ஹார்வர்ட் போன்ற சில தனியார் பல்கலைக்கழகங்கள் மீண்டும் கட்டாயமாக்கியிருக்கின்றன. பத்தாம் வகுப்பில் பள்ளி நடத்தும், எஸ்.ஏ.டி.க்கு முன்னோட்டமான பி.எஸ்.ஏ.டி. தேர்வை எழுதிப் பார்த்தால் போதும். நேஷனல் மெரிட் உதவித்தொகைப் போட்டிக்கு வழக்கமாகப் பதினொன்றாம் வகுப்பின் அக்டோபரில் எழுதுவதுதான் எடுத்துக்கொள்ளப்படும். கட்டணப் பயிற்சி வகுப்புக்கு இந்த ஆண்டு அவசரமே இல்லை. கான் அகாடமி இணையதளத்தில் இலவசமாகவே பயிற்சி எடுக்கலாம்.

பணத்தைப் பற்றிப் பிள்ளையோடு பேசத் தயங்கும் குடும்பங்கள் நம்மிடையே அதிகம். ஆனால் நிதியுதவிக் கணக்கு பத்தாம் வகுப்பின் நடுவிலேயே தொடங்கிவிடுகிறது. கூட்டாட்சி அரசின் நிதியுதவிக்கான ‘ஃபாஃப்சா’ விண்ணப்பம் இரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய வருமான வரிக் கணக்கைப் பார்க்கும். 2028 இலையுதிர் காலத்தில் கல்லூரியில் சேரும் மாணவருக்கு 2026ஆம் ஆண்டின் வருமானம் கணக்கில் வரும். 2026 ஜனவரியில் அந்த மாணவர் பத்தாம் வகுப்பின் பாதியில் இருக்கிறார். பெரிய அளவில் பங்குகளை விற்பது, ஓய்வூதியக் கணக்கிலிருந்து பணம் எடுப்பது போன்றவற்றை எந்த ஆண்டில் செய்வது என்று முன்னரே வரி ஆலோசகரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. இரண்டு பிள்ளைகள் ஒரே நேரத்தில் கல்லூரியில் படித்தால் குடும்பத்தின் பங்கு குறையும் என்ற பழைய சலுகை 2024-25 கல்வியாண்டிலிருந்து கூட்டாட்சிக் கணக்கில் இல்லை என்பதும் பலருக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு கல்லூரியும் தன் இணையதளத்தில் நிகரச் செலவுக் கணக்கீட்டுக் கருவி ஒன்றை வைத்திருக்கும். மூன்று கல்லூரிகளைத் தேர்ந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் பிள்ளையையும் பக்கத்தில் உட்காரவைத்து அதில் எண்களைப் போட்டுப் பாருங்கள்.

எச்-1பி போன்ற பணி விசாவில் இருக்கும் பெற்றோரைச் சார்ந்து எச்-4 விசாவில் இருக்கும் பிள்ளைகளின் நிலை தனி. அவர்களுக்குக் கூட்டாட்சி நிதியுதவி கிடைக்காது. பணி அனுமதி இல்லாமல் ஊதியம் பெறும் கோடை வேலையில் சேரக் கூடாது. 21 வயதில் பெற்றோரைச் சார்ந்த நிலை முடிந்துவிடுவதால், கல்லூரியின் நடுவிலேயே எஃப்-1 மாணவர் விசா போன்ற வேறொரு விசாவுக்கு மாற வேண்டி வரலாம். உள்மாநிலக் கட்டணம் கலிஃபோர்னியா உட்படப் பல மாநிலங்களில் இவர்களுக்கும் கிடைக்க வாய்ப்புண்டு. வதிவிட விதிகளைக் கல்லூரியிடமே கேட்டுத் தெளிவு பெறுங்கள். பதினைந்து வயதுப் பிள்ளையிடம் இதையெல்லாம் சொல்வது பெற்றோருக்கு எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும். ஆனால் தோழர்களெல்லாம் கோடை வேலைக்குப் போகும்போது தான் மட்டும் ஏன் போக முடியவில்லை என்ற காரணம் தெரியாமல் இருப்பது பிள்ளைக்கு அதைவிடக் கடினம்.

வார இறுதியில் தமிழ்ப் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளுக்கு ஒரு நல்ல வாய்ப்பு இருக்கிறது. பல பள்ளி மாவட்டங்கள் தமிழ்ப் படிப்பை உலக மொழிப் பாடமாக ஏற்றுக் கிரெடிட் தருகின்றன. உங்கள் மாவட்டம் தருமா, ‘ஏ-ஜி’ மொழித் தேவைக்கும் அது செல்லுமா என்று பள்ளியிடம் எழுத்து மூலம் கேட்டு வாங்குங்கள். 2011இல் கலிஃபோர்னியா சட்டமாக்கிய இருமொழித் திறன் முத்திரையை (பள்ளிச் சான்றிதழில் சேர்க்கப்படும் அங்கீகாரம்) தமிழில் திறன் காட்டியும் பெறலாம். அதே தமிழ்ப் பள்ளியில் சிறு குழந்தைகளுக்கு உதவியாசிரியராக இரண்டு மூன்று ஆண்டுகள் தொடர்ந்து இருப்பது, நான் பார்த்த அளவில், எட்டு மன்றங்களில் பெயர் கொடுப்பதைவிட விண்ணப்பத்தில் உறுதியாக நிற்கிறது. பல கல்லூரிகளுக்கும் பொதுவான ‘காமன் ஆப்’ விண்ணப்பத்தில் செயல்பாடுகளுக்கு 10 இடங்களே உண்டு; ஒவ்வொன்றையும் விவரிக்க 150 எழுத்துகளுக்கே இடம் தருகிறார்கள். எப்போது தொடங்கினான், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், என்ன செய்தான் என்பதைப் பிள்ளையே இப்போதிருந்து ஒரு நோட்டில் குறித்து வரட்டும்.

இரண்டாண்டுப் படிப்பைத் தரும் சமுதாயக் கல்லூரி என்ற சொல்லைக் கேட்டாலே முகம் சுளிக்கும் பெற்றோரிடம் ஒன்று சொல்ல விரும்புகிறேன். கலிஃபோர்னியாவின் சமுதாயக் கல்லூரியில் படித்து, குறித்த நிபந்தனைகளை நிறைவேற்றும் மாணவருக்கு டேவிஸ், இர்வைன், சாண்டா பார்பரா உட்பட ஆறு கலிஃபோர்னியா பல்கலைக்கழக வளாகங்களில் மாறிச் சேர இடம் உறுதி செய்யும் ஒப்பந்தம் உண்டு. இதைத் தோல்வியாகப் பேசாமல், பிள்ளையின் திட்டத்தில் ஒரு வழியாக இப்போதே எழுதி வையுங்கள்.

ஆலோசகரைச் சந்திக்க நேரம் கேட்கும் மின்னஞ்சலைப் பிள்ளையே எழுதட்டும், அதுவும் பாடத் தேர்வுக்கு முன்பே. ஓர் ஆலோசகருக்கு 250 மாணவர்கள் என்பது அமெரிக்கப் பள்ளி ஆலோசகர் சங்கத்தின் பரிந்துரை. பல பள்ளிகளில் அதைவிட அதிகம் என்பதால் பிப்ரவரியில் கேட்டால் எங்களிடம் நேரம் இருக்காது. வரும்போது அச்செடுத்த டிரான்ஸ்கிரிப்டையும், பதினொன்று, பன்னிரண்டு ஆகிய இரண்டு ஆண்டுகளுக்கும் பிள்ளை தானே பென்சிலால் எழுதிய பாடப் பட்டியலையும் கொண்டு வாருங்கள். முதல் பத்து நிமிடம் பிள்ளை பேசட்டும், உங்கள் கேள்விகளை அதன் பிறகு கேளுங்கள்.